கியூரி அம்மையாரின் இல்லறம்

முன்னுரை

நம் பண்டைத் தமிழ் நூலோர் மக்கள் வாழ்வை அகம் என்றும் புறம் என்றும் இரு கூறாகப் பகுத்தனர். இல்லத்துள் நிகழும் அன்பு வாழ்வை அகத்தின்பால் வைத்தனர். உலகம் அறியச் செய்யும் செயல்களைப் புறத்தின்பால் வைத்தனர். பெரியோர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் புறச் செயல்களையே விரித்துரைப்பது வழக்கம். அவர்தம் வீட்டில் அடுப்பு எவ்வாறு எரிந்தது, குழந்தையை யார் தாலாட்டினர், மாதக் கடைசியில் கையில் எவ்வளவு பொருள் எஞ்சியது என்னும் செய்திகளைச் சொல்லாமலே விட்டுவிடுவர். ஆனால் சிலர் வாழ்வில் அகத்தையும் புறத்தையும் வேறாகப் பிரித்தல் இயலாது. ரேடியம் என்னும் அரும்பொருளைக் கண்ட மேரி கியூரி அம்மையாரும் அவர்தம் கணவர் பியேர் கியூரியும் அத்தகையோர் ஆவர். அவர்கள் கணவனும் மனைவியுமாய் வாழ்ந்த காலம் பதினோராண்டு நிறையவில்லை. அக்குறுகிய காலத்தின் முதற்பகுதியிலேயே அவர்களுடைய இல்லறமும் ஆராய்ச்சியும் ஒருங்கே தழைத்தன. அந்த இளமைக் காலத்து இல்வாழ்க்கையை ஈண்டுக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

மேரி அம்மையார் 1867ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் போலந்து நாட்டின் வார்சா நகரத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மரியா ஸ்க்லோடோவ்ஸ்கா என்பது. உடன்பிறந்தார் ஐவருள் இவரே கடைக்குட்டி. தந்தையார் பௌதிகமும் கணிதமும் கற்பித்த ஆசிரியர். தாயார் பெண்கள் பள்ளி ஒன்றின் தலைவியாய் விளங்கியவர். அந்நாளில் வார்சா நகரம் ருசிய மன்னரின் ஆட்சியில் இருந்தது. போலந்து மக்கள் தம் தாய்மொழியில் கல்வி கற்பதற்கும் தடை இருந்தது. மரியாவுக்குப் பத்து வயது நிகழ்ந்தபோது தாயார் எலும்புருக்கி நோயால் இறந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே மூத்த தமக்கையும் நோய்வாய்ப்பட்டு மறைந்தார். இத்துன்பங்களுக்கிடையே மரியா கல்வியில் முதன்மை பெற்று, 1883ஆம் ஆண்டில் பொற்பதக்கம் பரிசாகப் பெற்றுப் பள்ளிப் படிப்பை முடித்தார்.

வார்சாப் பல்கலைக் கழகம் பெண்களுக்குக் கதவு திறக்கவில்லை. மரியாவும் அவர் தமக்கை புரோனியாவும் மேற்படிப்பில் வேட்கை மிக்கவர்கள்; ஆனால் இருவரையும் அயல்நாட்டுக்கு அனுப்பத் தந்தையாரிடம் பொருள் இல்லை. எனவே அவ்விருவரும் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். தங்கை வேலைக்குச் சென்று பொருளீட்டித் தமக்கையைப் பாரிசு மாநகரில் மருத்துவம் கற்கச் செய்வது. தமக்கை மருத்துவரானபின் தங்கையை அங்கு அழைத்துக்கொள்வது என்பதே அவ்வுடன்பாடு. அதன்படி மரியா செல்வர் இல்லத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியையாகப் பல ஆண்டுகள் உழைத்தார். ஓய்வு வேளையில் சிற்றூர்க் குழந்தைகளைக் கூட்டி அவர்களுக்குப் போலந்து மொழி கற்பித்தார். ஆட்சியாளர் அறிந்தால் தண்டனை நேரும் என்பதை அறிந்தே அதனைச் செய்தார்.

1891ஆம் ஆண்டு நவம்பரில் மரியா பாரிசை அடைந்தார். சோர்பான் என்னும் புகழ்பெற்ற பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். பிரெஞ்சு மக்களின் வழக்கப்படி மேரி எனப் பெயரெழுதினார். கூரையை அடுத்த சிற்றறை ஒன்றில் தனித்து வாழ்ந்து, குளிருக்குப் போதிய கரியும் பசிக்குப் போதிய உணவும் இன்றிக் கற்றார். 1893இல் பௌதிகத் தேர்வில் முதலிடமும், 1894இல் கணிதத் தேர்வில் இரண்டாமிடமும் பெற்றார். படிப்பு முடிந்ததும் தாய்நாடு திரும்பி, தந்தையாருக்குத் துணையாயிருந்து, தம் மக்களுக்குக் கற்பிப்பதே அவர் கொண்ட நோக்கமாகும்.

இருவர் சந்திப்பு

1894ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில் மேரிக்கு எஃகு வகைகளின் காந்தத் தன்மையை ஆராயும் பணி கிடைத்தது. அதற்கு வேண்டிய கருவிகளை வைக்க இடம் இல்லை. போலந்து நாட்டுப் பௌதிகப் பேராசிரியர் ஒருவர் அப்போது பாரிசுக்கு வந்திருந்தார். அவர், தமக்கு அறிமுகமான பியேர் கியூரியால் இடவுதவி கிட்டக்கூடும் எனக் கருதி, அவ்விருவரையும் தம் இருப்பிடத்தில் சந்திக்கச் செய்தார். இடம் தேடிச் சென்றவருக்கு வாழ்க்கைத் துணை வாய்த்தது.

பியேர் கியூரி 1859ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் பாரிசில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தவர். இளமையில் பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே கற்றவர். தம் தமையனார் ஜாக்குடன் கூடி, சில படிகங்களை அழுத்தும்போது மின்சாரம் தோன்றுகிறது என்னும் உண்மையை 1880இல் கண்டறிந்தவர். பாரிசு நகராட்சியின் தொழிற் பௌதிக இரசாயனப் பள்ளியில் மாதம் 300 பிராங்கு அளவே ஊதியம் பெற்றுப் பணியாற்றினார். புகழையும் பதவியையும் நாடாதவர். அறிவியலுக்கே தம்மை ஒப்படைத்தவனுக்கு மனைவி இடையூறாவாள் என்று இளமையில் எண்ணி, மணம் வேண்டா என இருந்தவர். மேரியுடன் உரையாடத் தொடங்கிய பின்னர் அவ்வெண்ணம் அவரை விட்டகன்றது.

ஆயினும் மேரி உடனே இசையவில்லை. பியேரை மணந்தால் பிரான்சிலேயே தங்க நேரும்; தாய்நாட்டையும் முதிய தந்தையாரையும் கைவிட நேரும். இக்கலக்கத்தோடு அவ்வாண்டுக் கோடையில் அவர் போலந்துக்குச் சென்றார். பியேர் அவருக்குக் கடிதங்கள் எழுதினார். மீண்டும் பாரிசுக்கு வந்து ஆராய்ச்சியைத் தொடருமாறு வேண்டினார். தாம் பிரான்சை விட்டுப் போலந்தில் வந்து வாழவும் ஆயத்தமாயிருப்பதாகவும் தெரிவித்தார். தமக்காக ஒருவர் தம் நாட்டையும் தொழிலையும் துறக்க முன்வந்தமை மேரியின் உள்ளத்தைத் தொட்டது. அத்துறவு வேண்டாததாயிற்று. மேரி பாரிசுக்குத் திரும்பினார். பின்னர் மணத்துக்கும் இசைந்தார். பியேர் தம் மனைவியின் தாய்மொழியைக் கற்கத் தொடங்கினார்.

எளிய மணம்

1895ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26ஆம் நாள், பாரிசை அடுத்த சோ என்னும் சிற்றூரின் நகர மன்றத்தில் அவர்கள் மணம் நிகழ்ந்தது. மேரிக்கு அப்போது வயது 27, பியேருக்கு 36. சமயச் சடங்கு இல்லை, மோதிரம் இல்லை, பெருவிருந்து இல்லை. மணமகளுக்கு ஆடை வாங்கித் தர உறவினர் ஒருவர் முன்வந்தபோது, பின்னர் ஆராய்ச்சிக்கூடத்துக்கும் அணிந்து செல்லத்தக்க கருநிற உடையே போதும் என மேரி கேட்டுக்கொண்டார். அவ்வாறே கருநீல ஆடையில் அவர் மணமகளானார். வார்சாவிலிருந்து தந்தையாரும் தமக்கை ஒருவரும் வந்திருந்து வாழ்த்தினர்.

உறவினர் ஒருவர் மணப்பரிசாகப் பணம் அனுப்பியிருந்தார். அப்பணத்தைக் கொண்டு அவர்கள் இரண்டு மிதிவண்டிகளை வாங்கினர். அவ்வண்டிகளில் ஏறிப் பிரான்சு நாட்டின் காடுகளையும் சிற்றூர்களையும் சுற்றி வந்தனர். பசித்த இடத்தில் ரொட்டியும் பாலாடைக் கட்டியும் பழமும் உண்டனர். இரவு வந்தால் வழியில் உள்ள விடுதியில் தங்கினர். படிகங்களைப் பற்றிப் பியேர் பேசிக்கொண்டே செல்வார். மேரி கேட்பார், இடையிடையே வினாவுவார். பிற்காலத்தில் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அவர்கள் இவ்வாறு மிதிவண்டியேறிச் செல்வதை விடவில்லை.

மூன்றறை வீடு

மணமான பின்னர் பாரிசில் கிளாசியேர் தெருவில் மூன்று சிறிய அறைகள் கொண்ட வீட்டில் குடியேறினர். பலகணி வழியே தோட்டம் ஒன்று தெரிந்தது. அவ்வீட்டின் அழகு அதுவே. பியேரின் தந்தையார் வீட்டுப் பொருள்கள் பலவற்றைத் தர முன்வந்தார். மேரி அவற்றை ஏற்கவில்லை. பொருள்கள் பெருகினால் அவற்றைத் துடைத்து வைக்கும் வேலையும் பெருகும். அவ்வேலைக்கு நேரம் எங்கே என்பது அவர் கருத்து. ஒரு மேசை, அதன் இருபுறமும் இரண்டு நாற்காலிகள், நூல்கள் அடுக்கிய பலகைகள், ஒரு விளக்கு, சில மலர்கள் இவையே அவர்தம் கூடத்தில் இருந்தவை. மாடிப்படி ஏறி வரும் விருந்தினர் அமர மூன்றாவது நாற்காலி இல்லை. விருந்தோம்பலைத் தலையாய அறமாகக் கொண்ட நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். அவர்கள் நட்பை வெறுத்தவர் அல்லர். நேரத்தைப் பொன்னெனப் போற்றியவர்.

மேரி வரவு செலவுக் கணக்கேடு ஒன்றை வாங்கி, ஒவ்வொரு நாளும் செலவான காசை அதில் எழுதி வந்தார். பியேரின் ஊதியம் இருவருக்குப் போதுமானதாயிருந்ததேயன்றி மிச்சம் பிடிக்க இடந்தரவில்லை. சமையற்கலையை அவர் முன்பு கற்றதில்லை. தனியே வாழ்ந்த நாளில் தேநீரும் ரொட்டியுமே அவருக்கு உணவாயிருந்தன. ஆதலால் தமக்கையிடமும் தமக்கையின் மாமியாரிடமும் சென்று சமைக்கக் கற்றார். தாம் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கும்போது அடுப்பில் தானே வெந்துகொண்டிருக்கும் உணவு வகைகளைத் தேர்ந்தார். புறப்படுமுன் அடுப்பின் சுடரை அளவாகக் குறைத்து வைத்துவிட்டுப் பள்ளிக்கு விரைவார். பழப்பாகு செய்தால், பழம் இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, கொதித்த நேரம் இவ்வளவு என்று ஆராய்ச்சிக் குறிப்பு எழுதுவது போலவே எழுதி வைப்பார். கணவரோ தம் முன் வைத்த உணவு இன்னதென்று அறியாமலே உண்டுவிடுவதும் உண்டு.

வீட்டு வேலை முழுவதும் மேரியின் தலைமேல் விழுந்தது என்பது உண்மை. அக்கால வழக்கம் அத்தகையது. ஆனால் மனைவியின் கல்வி வீட்டு வேலையோடு முடிந்துவிட வேண்டும் எனப் பியேர் ஒருநாளும் கருதியவர் அல்லர். தாம் பணியாற்றிய பள்ளியிலேயே தம் அருகில் மேரியும் ஆராய்ச்சி செய்வதற்கு அப்பள்ளித் தலைவர் இசைவு தந்தார். பகலில் இருவரும் அங்கே உழைத்தனர். இரவில் உண்டபின், மேசையின் ஒரு புறம் பியேர் மறுநாள் நடத்தவேண்டிய பாடத்தை ஆயத்தம் செய்வார். மறுபுறம் மேரி ஆசிரியைப் பணிக்குரிய உயர்தேர்வுக்குப் படிப்பார். நள்ளிரவு கடந்தும் விளக்கு எரியும். 1896இல் அத்தேர்வில் மேரி முதலிடம் பெற்றார்.

குழந்தையும் ஆராய்ச்சியும்

1897ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 12ஆம் நாள் அவர்களுக்கு முதல் மகள் ஐரீன் பிறந்தாள். அதே திங்களில் பியேரின் தாயார் காலமானார். மகிழ்ச்சியும் துயரமும் ஒருசேர வந்த காலம் அது. எஃகின் காந்தத் தன்மையைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரையையும் மேரி அவ்வாண்டிலேயே முடித்துத் தந்தார்.

இனி மேரி என்ன செய்வார்? தாயான பின்னர் ஆராய்ச்சியை விட்டுவிடுவார் என்றே பலரும் எண்ணியிருப்பர். பியேருக்கோ மேரிக்கோ அவ்வெண்ணம் தோன்றவில்லை. துணைவியை இழந்த முதிய மருத்துவர், பியேரின் தந்தையார், மகனுடன் வந்து தங்கினார். பேத்தியைப் பேணும் பொறுப்பை அன்போடு ஏற்றார். அப்பெரியவர் அப்பொறுப்பை ஏற்றிராவிடில் பின்னர் நிகழ்ந்த அருஞ்செயல்கள் எளிதில் நிகழ்ந்திரா. மேரி குழந்தையின் எடையையும், பல் முளைத்த நாளையும், பேசிய சொற்களையும் தனியேட்டில் எழுதி வந்தார். பகலில் ஆராய்ச்சிக்கு இடையே குழந்தையைக் காண ஓடி வருவார்; மாலையில் தாமே நீராட்டி உறங்கச் செய்வார்.

அந்நாளில் ஆன்றி பெக்கரல் என்னும் பிரெஞ்சு அறிஞர், யுரேனிய உப்புக்கள் தாமாகவே கண்ணுக்குப் புலனாகாத கதிர்களை வீசுவதை 1896இல் கண்டறிந்திருந்தார். அக்கதிர்கள் எங்கிருந்து பிறக்கின்றன என்பதை எவரும் அறியார். மேரி அதனையே தம் டாக்டர் பட்டத்துக்குரிய ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார். பள்ளியில் பழம்பொருள்கள் போட்டு வைத்த ஈரமான அறை ஒன்று அவருக்குக் கிடைத்தது. குளிர்காலத்தில் அங்கே வெப்பநிலை 6 பாகை அளவுக்குத் தாழ்ந்ததை அவர் குறிப்பேட்டில் காண்கிறோம். கதிர்களின் வலிமையை அளக்க உதவியது பியேரும் அவர் தமையனாரும் அமைத்த நுண்கருவியேயாகும். கணவர் மணத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன் செய்த கருவி, மனைவியின் ஆராய்ச்சிக்கு ஏற்றதாய் வாய்த்தது.

மேரி தமக்குக் கிடைத்த கனிப்பொருள்கள் பலவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அளந்தார். பிச்சுபிளெண்டு என்னும் கனிப்பொருள், தன்னுள் அடங்கிய யுரேனியத்தின் அளவுக்கு மிஞ்சிய கதிர்களை வீசியது. அளவையில் பிழையோ என ஐயுற்று மீண்டும் மீண்டும் அளந்தார். பிழை இல்லை. அங்ஙனமாயின் அப்பொருளுக்குள் இதுவரை உலகம் அறியாத தனிமம் ஒன்று மறைந்திருக்க வேண்டும் என்று துணிந்தார். இதனைக் கேட்ட பியேர், தாம் செய்துவந்த படிக ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு மனைவியுடன் சேர்ந்தார். சிறிது காலத்துக்கு என எண்ணியே நிறுத்தினார். பின்னர் அதற்குத் திரும்பவே இல்லை. கணவன் தொழிலை மனைவி பின்பற்றுவது உலகியல்பு. இங்கே மனைவி கண்ட வழியைக் கணவர் பின்பற்றினார். அதனைக் குறைவாக அவர் எண்ணவில்லை.

1898ஆம் ஆண்டு ஜூலையில் அவர்கள் ஒரு புதிய தனிமத்தை அறிவித்தனர். அதற்குப் பெயரிடும் உரிமையைப் பியேர் மேரிக்கு அளித்தார். ருசியா, பிரசியா, ஆத்திரியா என்னும் மூன்று அரசுகளுக்குள் பங்கிடப்பட்டு நிலப்படத்திலிருந்தே மறைந்துபோன தம் தாய்நாட்டை நினைந்து, மேரி அதற்குப் பொலோனியம் எனப் பெயரிட்டார். மணத்தின்போது பிரிய நேர்ந்த நாட்டுக்கு அவர் செலுத்திய கடன் இது. அவ்வாண்டு டிசம்பரில் மற்றொரு தனிமத்தையும் அறிவித்தனர். அதுவே ரேடியம்.

இக்காலத்துக் குறிப்பேடுகளில் இருவர் கையெழுத்தும் மாறி மாறி விரவிக் காணப்படுகின்றன. வெளியிட்ட கட்டுரைகளிலும் நாங்கள் என்றே எழுதினர். தனித்துச் சொல்ல வேண்டிய இடத்திலும் எங்களுள் ஒருவர் என்றே குறித்தனர்.

ஒழுகும் கொட்டகை

புதிய தனிமங்கள் உண்டு எனக் கதிர்களால் உணர்த்தினால் இரசாயன அறிஞர் ஏற்கமாட்டார்கள். கண்ணால் காணும்படி பிரித்தெடுத்து, அதன் அணுவெடையையும் அளந்து காட்டல் வேண்டும். பிச்சுபிளெண்டிலோ ரேடியம் மிக மிக நுண்ணிய அளவிலேயே கலந்திருந்தது. ஆகவே டன் கணக்கில் மூலப்பொருள் வேண்டும். யுரேனியத்தை எடுத்துக்கொண்டபின் ஆத்திரிய நாட்டுச் சுரங்கத்தில் கழிவாகக் கொட்டிய மண்ணை அவ்வரசு அவர்களுக்கு வழங்கியது. பழுப்பு நிறத் தூளும் பைன் மரச் சருகும் கலந்த மூட்டைகள் பாரிசில் வந்து இறங்கின. வேறொருவருக்கு அது குப்பை. மேரிக்கு அது புதையல்.

அம்மூட்டைகளை வைத்து வேலை செய்யப் பள்ளியின் முற்றத்தை அடுத்த கொட்டகை ஒன்று கிடைத்தது. முன்னர் மருத்துவ மாணவர்கள் பிணங்களை அறுத்துப் பயின்ற இடம் அது. பின்னர் அதற்கும் தகுதியற்றதெனக் கைவிடப்பட்டது. கண்ணாடிக் கூரை மழைக்கு ஒழுகும். கோடையில் உள்ளே வெந்து தணியும். குளிர்காலத்தில் கணப்பின் அருகே நின்றால் மட்டுமே வெம்மை தெரியும். நச்சாவி வெளியேறப் புகைபோக்கி இல்லாமையால் மேரி பெரும்பாலும் திறந்த முற்றத்தில் நின்றே வேலை செய்தார். ஒரு முறைக்கு 20 கிலோ அளவுள்ள மண்ணைக் கொப்பரையில் இட்டுக் கொதிக்க வைத்துத் தம் உயரத்துக்கு இருந்த இரும்புக் கோலால் மணிக்கணக்கில் கிளறுவார். பியேர் உள்ளே அமர்ந்து கதிர்களின் பண்புகளை நுண்ணிதின் அளப்பார். இருவரும் ஒரு நுகத்தில் பூட்டிய இரண்டு காளைகள் போல உழைத்தனர்.

ஒருகாலத்தில் பியேருக்குச் சோர்வு வந்தது. நல்ல வசதிகள் கிடைக்கும்வரை ரேடியத்தைப் பிரிக்கும் வேலையை நிறுத்தி வைத்து, அதன் பண்புகளை மட்டும் ஆராய்வோம் என்று கருதினார். மேரி இணங்கவில்லை. எடுத்த பணியை முடித்தே தீர்வது என்று நின்றார். பியேர் தம் கருத்தை வற்புறுத்தாமல் மனைவியின் உறுதிக்கு இடங்கொடுத்தார். கருத்து வேறுபாடு இல்லாத இல்லறம் உலகில் இல்லை. வேறுபாடு வந்தபோது ஒருவர் மற்றொருவரின் தகுதியை அறிந்து விட்டுக்கொடுத்தலே அதனை நிலைநிறுத்துவது.

இதற்கிடையே பொருள் முட்டுப்பாடும் வாட்டியது. குழந்தையும் முதியவரும் சேர்ந்த குடும்பத்துக்குப் பியேரின் ஊதியம் போதவில்லை. சோர்பானில் பேராசிரியர் பதவிக்கு 1898இல் அவர் விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. 1900ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாப் பல்கலைக் கழகம் உயர்ந்த ஊதியத்தோடு பதவி தர முன்வந்தது. ஊர் மாறினால் ரேடிய ஆராய்ச்சி தடைப்படும் என அதனை மறுத்துவிட்டனர். மாறாக, இருவரும் கூடுதலாகக் கற்பிக்கும் பணிகளை ஏற்றனர். மேரி செவ்ரு என்னும் ஊரில் ஆசிரியைகளைப் பயிற்றும் கல்லூரியில் பௌதிகம் கற்பித்தார்.

நான்காண்டு உழைப்புக்குப் பின், 1902இல், மேரி பத்தில் ஒரு கிராம் அளவு தூய ரேடிய உப்பைப் பிரித்தெடுத்தார். அதன் அணுவெடையையும் கணித்தார். டன் கணக்கான மண்ணிலிருந்து கிடைத்தது அவ்வளவே. ரேடியம் அழகிய நிறமுடையதாய் இருக்கவேண்டும் எனப் பியேர் முன்பு விரும்பியதுண்டு. அது நிறத்தினும் சிறந்த ஒன்றைக் காட்டியது. இருளில் தானே ஒளிர்ந்தது. இரவில் ஐரீன் உறங்கியபின், பாட்டனாரைக் காவல் வைத்துவிட்டு, இருவரும் கைகோத்து நடந்து கொட்டகைக்குச் செல்வார்கள். விளக்கேற்றாமல் உள்ளே நுழைவார்கள். பலகைகளின்மேல் வைத்த சிறு கண்ணாடிக் குப்பிகள் மங்கிய நீல ஒளி வீசி நிற்கும். அவ்விருவரும் பேசாமல் நெடுநேரம் பார்த்திருப்பார்கள். ஒழுகும் அக்கொட்டகையில் உழைத்த ஆண்டுகளே தம் வாழ்வில் மிக இனியவை என மேரி அம்மையார் பிற்காலத்தில் எழுதினார்.

அவ்வொளி இன்பத்தோடு தீங்கையும் தந்தது. அதனை அவர்கள் முற்றும் அறிந்திலர். மேரியின் விரல் நுனிகள் தடித்துப் புண்ணாயின. பியேர் ரேடியத்தைத் தம் கையிலேயே வைத்துப் புண் தோன்றுவதை ஆராய்ந்தார். அதிலிருந்து நோயுற்ற தசையை அழிக்க அது பயன்படும் என்னும் கருத்து வளர்ந்தது. அவருடைய கால்களில் கடும் வலி கண்டு இரவுகளில் உறக்கம் கெட்டது. 1903இல் மேரிக்குக் கருச்சிதைவும் நேர்ந்தது. அவர்தம் குறிப்பேடுகள் இன்றும் கதிர்வீச்சு நீங்காமல் ஈயப் பெட்டிகளில் காக்கப்படுகின்றன.

மறுத்த செல்வம்

ரேடியம் புற்றுநோய் மருத்துவத்துக்குப் பயன்படும் எனத் தெரிந்ததும் உலகெங்கும் அதற்குத் தேவை மிகுந்தது. அதனைப் பிரிக்கும் முறையை அறிய அமெரிக்கப் பொறியாளர் சிலர் பியேருக்குக் கடிதம் எழுதினர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பியேர் அக்கடிதத்தை மேரியிடம் காட்டினார். இரு வழிகள் இருந்தன. ஒன்று, முறையை ஒளிக்காமல் எல்லோருக்கும் சொல்லிவிடுவது. மற்றொன்று, அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றுப் பெருஞ்செல்வம் அடைவது. குழந்தையின் எதிர்காலமும், தாம் கனவு கண்ட நல்ல ஆராய்ச்சிக்கூடமும் இரண்டாம் வழியில் இருந்தன. மேரி சற்றே சிந்தித்து, உரிமை பெறுதல் அறிவியலின் பண்புக்கு மாறானது என்றார். பியேரின் கருத்தும் அதுவே. அன்றிரவே பொறியாளர்களுக்கு வேண்டிய விவரம் அனைத்தையும் எழுதி அனுப்ப முடிவாயிற்று. பின்னர் ஒரு கிராம் ரேடியத்தின் விலை பல இலட்சம் பிராங்கு ஆயிற்று. அதனைக் கண்டவர்கள் தம் வாடகை வீட்டிலேயே வாழ்ந்தனர்.

1903ஆம் ஆண்டு மேரி டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே பௌதிகத்துக்குரிய நோபல் பரிசு பெக்கரலுக்கும் கியூரி தம்பதிகளுக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. முதலில் பிரெஞ்சு அறிஞர் சிலர் மேரியின் பெயரை விட்டுவிட்டு மற்ற இருவரையே பரிந்துரைத்தனர். இதனைச் சுவீடன் நாட்டு அறிஞர் ஒருவர் வாயிலாகப் பியேர் அறிந்தார். இவ்வாராய்ச்சியில் தம் மனைவிக்கு உரிய பங்கைக் கருதாமல் தம்மை மட்டும் கருதுதல் தகாது என்று உடனே எழுதினார். அதன்பின் மேரியின் பெயரும் சேர்ந்தது. நோபல் பரிசு பெற்ற முதற் பெண்மணி மேரி கியூரி அம்மையாரே. பரிசுப் பணத்தில் உறவினர்க்கும் நண்பர்க்கும் உதவினர். தமக்கென வீட்டில் குளியலறை ஒன்றைச் செம்மை செய்துகொண்டனர். 1904 டிசம்பரில் இரண்டாம் மகள் ஈவா பிறந்தாள்.

பிரிவும் உறுதியும்

1906ஆம் ஆண்டு ஏப்ரல்த் திங்கள் 19ஆம் நாள், மழை பெய்துகொண்டிருந்தது. பாரிசின் தோஃபீன் தெருவைக் கடக்கையில் பியேர் வழுக்கி விழுந்தார். சுமையேற்றி வந்த குதிரை வண்டியின் சக்கரம் ஏறி அவர் உயிர் அந்நொடியே பிரிந்தது. அவருக்கு வயது 46. மேரிக்கு 38. மூத்த மகளுக்கு எட்டு. இளையவளுக்கோ ஒன்றரை ஆண்டும் நிரம்பவில்லை.

அரசு உதவிப் பணம் தர முன்வந்தபோது, தம் மக்களைத் தாமே உழைத்துக் காக்க முடியும் என்று மேரி மறுத்துவிட்டார். சோர்பான் பல்கலைக் கழகம் பியேர் நடத்திவந்த வகுப்பை அவரிடம் ஒப்படைத்தது. அதுவரை அங்கே பெண்ணொருத்தி கற்பித்ததில்லை. 1906 நவம்பர் 5ஆம் நாள் அவருடைய முதற் சொற்பொழிவைக் கேட்கப் பெருங்கூட்டம் கூடியது. தம் துயரத்தைச் சொல்வார், கணவரைப் புகழ்வார் என யாவரும் காத்திருந்தனர். மேரி அவ்வாறு ஒன்றும் சொல்லவில்லை. பியேர் எந்த இடத்தில் பாடத்தை நிறுத்தியிருந்தாரோ, அந்த இடத்திலிருந்தே தொடங்கினார். கேட்டோர் கண்கள் கலங்கின.

1911இல் இரசாயனத்துக்குரிய நோபல் பரிசும் அவரை அடைந்தது. பியேர் வாழ்நாளெல்லாம் வேண்டிக் கிடைக்காத நல்ல ஆராய்ச்சிக்கூடம், ரேடியக் கழகம் என்னும் பெயரில் 1914இல் எழுந்தது. 1923இல் தம் கணவரின் வரலாற்றை அம்மையார் நூலாக எழுதினார். நெடுங்காலம் கதிர்வீச்சில் உழைத்தமையால் வந்த நோயால் 1934 ஜூலை 4ஆம் நாள் இயற்கை எய்தினார். தாம் மணம் புரிந்த சோ என்னும் ஊரிலேயே பியேரின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். அடுத்த ஆண்டில் மகள் ஐரீனும் அவர் கணவர் பிரெடரிக் ஜோலியோவும், முந்தியோரைப் போலவே, இணைந்து நோபல் பரிசு பெற்றனர். 1995இல் பிரெஞ்சு அரசு மேரி, பியேர் இருவர் உடல்களையும் நாட்டின் பெருமக்கள் துயிலும் பாந்தியோன் மண்டபத்துக்கு மாற்றிச் சிறப்புச் செய்தது.

முடிவுரை

மாணவர்களே! வள்ளுவப் பெருந்தகை வாழ்க்கைத் துணைநலத்துக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். துணை என்னும் சொல்லின் பொருளைக் கியூரி தம்பதிகளின் வாழ்வில் தெளிவாகக் காணலாம். மனைவியின் அறிவு தம் புகழைக் குறைக்கும் எனப் பியேர் அஞ்சவில்லை. இல்லத்தின் கடமை தம் அறிவைக் குறைக்கும் என மேரி அஞ்சவில்லை. மூன்றறை வீட்டிலும் ஒழுகும் கொட்டகையிலும் அவர்களுக்கு வாய்த்த இன்பம், செல்வத்தால் வந்தது அன்று. ஒரே நோக்கத்தை இருவரும் விரும்பியதால் வந்தது. நாளை நீங்களும் இல்லறம் ஏற்பீர்கள். அப்போது வீட்டில் எத்தனை நாற்காலிகள் உள்ளன என்று எண்ணுவதினும், உடன் அமர்ந்திருப்பவரின் ஆற்றல் வளர நாம் இடந்தந்தோமா என்று எண்ணுதல் நன்று.